கோபத்துக்கு ஒதுக்கிய காலம்

லாரி சனிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்குள் வீடு முழுவதையும் அட்டைப்பெட்டிகளுக்குள் அடக்கியாக வேண்டும். டீச்சரோ காலையிலிருந்து ஒரே பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே வைத்த தட்டுகளை வெளியே எடுத்து அடுக்கினாள். அடுக்கியதைத் திரும்ப உள்ளே வைத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இந்த ஊரை விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டீச்சரும் அவள் கணவர் சாரும் ஒரே மொழிப் பயிற்சி நிலையத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவர்கள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்கள் அவ்வார், எத்ர். பிரெஞ்சில் இவை இரண்டும் துணைவினைகள். மற்ற வினைகள் பலவும் இறந்தகாலத்துக்குப் போக வேண்டுமென்றால் இவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். சார் அவ்வார், டீச்சர் எத்ர். இரண்டு பேருக்கும் இந்தப் பெயர் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சுகமும் உண்டு.

கல்யாணமான முதல் வருஷம் அப்படியொன்றும் ஒற்றுமையாக இல்லை. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி இரண்டு பேரும் வெடிப்பார்கள். ஒரு நாள் சமையலறையிலிருந்து கரண்டி பறந்து வந்து கூடத்துச் சுவரில் பட்டது. யார் கையிலிருந்து பறந்தது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. சுவரில் விழுந்த பள்ளத்தை நாட்காட்டி மாட்டி மறைத்தார்கள். அன்றைக்குத்தான் சார் ஒரு யோசனை சொன்னார்.

பிரெஞ்சில் ஒரு வினைவடிவம் உண்டு. ஏம்பர்ஃபே த்யு சுப்ழோன்க்திஃப் என்று பெயர். வர வேண்டுமே என்று அன்றைக்கு ஆசைப்பட்டேன், இருந்துவிடுவாரோ என்று அன்றைக்குப் பயந்தேன் என்கிற மாதிரி, நடந்ததா இல்லையா என்று தெரியாததைக் கடந்த காலத்தில் நின்று சொல்வதற்கான வடிவம். இப்போது அந்த மொழிக்காரர்களே அதைப் பேசுவதில்லை. கடையில் நின்று அதைப் பேசினால் சிரிப்பார்கள். பழைய புத்தகங்களில் கிடக்கிறது, பரீட்சைக்கு மட்டும் எழுந்து வருகிறது. சும்மா கிடக்கிற இதைக் கோபத்துக்கு ஒதுக்கிவிடலாமே என்றார் சார். யாருக்குக் கோபம் வந்தாலும் ஒரு வினையை எடுத்துக்கொண்டு நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவத்தையும் மனசுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஆறும் முடிந்த பிறகு பேச இஷ்டமிருந்தால் பேசலாம். டீச்சருக்கு அன்று சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றாள்.

அந்த ஏற்பாடு இருபத்திரண்டு வருஷமாக நடந்துவருகிறது. சில்லறைக் கோபத்துக்கு எத்ர், அதாவது இருப்பது. அது 'ஃப்யூஸ், ஃப்யூஸ், ஃப்யூ, ஃப்யூஸியோன், ஃப்யூஸியே, ஃப்யூஸ்' என்று ஓடும். ஒருமுறை சார் கொஞ்சம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருக்க, கீழ்வீட்டுக்காரர் டார்ச் விளக்கும் ஏணியுமாக மேலே வந்து எந்த ஃப்யூஸ் போச்சு என்று கேட்டார். பெரிய கோபத்துக்குப் பெரிய வினைகள். மாமியார் வந்து தங்கிய ஒரு மாதத்தில் டீச்சர் ஒழுங்கற்ற வினைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்லி முடித்திருந்தாள். இவர்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்டதில்லை, இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

இவர்களுடைய மகளுக்கு மட்டும் பிரெஞ்சு ஆகவே ஆகாது. அம்மா அப்பா உதடு முணுமுணுக்க ஆரம்பித்தால் அந்த அறையிலிருந்து நழுவிவிட வேண்டும் என்பதைப் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொண்டவள் அவள். அதெல்லாம் கெட்ட வார்த்தைகள் என்றே வெகுநாள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பென்சிலைப் பிடுங்கியபோது அவனைப் பார்த்து "ஃப்யூஸியோன்" என்று பல்லைக் கடித்திருக்கிறாள். அவன் அழுதே விட்டான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. டீச்சருக்கு அது வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. ஆறு வடிவம் முடிவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். போன பேச்சை இழுத்துவந்து நிறுத்திச் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கிறது? கோபம் ஆறியதோ இல்லையோ, வார்த்தை ஆறிவிடும். ஆறினதை விழுங்குவது எளிது.

போன மாதம் ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது சார் ஆரம்பித்தார். வெளியூரில் நிலையத்துக்குப் புதுக் கிளை திறக்கிறார்களாம். அதற்குத் தலைமையாகப் போகச் சொல்லி நிர்வாகி கேட்டாராம். "போலாமா, என்ன சொல்றே?" என்றார். புதுக் கிளையில் இவர்களுக்கு இருந்தது ஒரே இடம்தான், அதுவும் தலைமை நாற்காலி, அது சாருக்கு. டீச்சர் அங்கே போய் என்ன செய்வாள்? தலைமையின் மனைவியாக உட்கார்ந்திருப்பாள். இங்கே அவளுக்கு மாலை வகுப்பு இருக்கிறது. வேலைக்காகக் கடல் கடக்கப்போகிற நர்ஸுகள் முப்பது பேர் பகல் வேலை முடிந்த அசதியோடு வந்து உட்கார்ந்து, தூங்காமல் கேட்கிற வகுப்பு. அதை ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கியவள் அவள். எடுத்த எடுப்பில் முடியாது என்று கத்தத் தோன்றியது. பழக்கம் விடவில்லை. 'வெனீர்', அதாவது வருவது என்ற வினையை எடுத்தாள். வேன்ஸ், வேன்ஸ், வேன் என்று போய்க்கொண்டிருந்தாள். எதிரில் சார் அந்த ஊர் வீட்டில் பால்கனி உண்டு, காற்று வரும், பக்கத்தில் பூங்கா உண்டு என்று அளந்துகொண்டே போனார். ஆறாவதை முடித்தபோது பால்கனியில் பூந்தொட்டி வைப்பது வரைக்கும் வந்திருந்தார். டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கிறீங்களா என்று கேட்டாள்.

மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் நிலையத்தில் நுழையும்போதே எல்லோரும் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வாரம் முடிவதற்குள் அவள் வகுப்புக்கு ஒரு புதுப் பெண்ணை நியமித்தாகிவிட்டது. நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது.

பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த நாள் வியாழக்கிழமை, மாலையில் அவளுடைய கடைசி வகுப்பு. புதுப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். பாடம் என்னவோ அதே வினைவடிவம்தான், பரீட்சைக்கு ஒரு கேள்வி வருமென்று நடத்த வேண்டியிருந்தது. டீச்சர் பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். எழுதினாள், அழித்தாள், அழித்ததையே திரும்ப எழுதினாள். முன்வரிசை நர்ஸ் கை தூக்கினாள்.

"இதை யாருமே பேசமாட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க டீச்சர். அப்புறம் எதுக்குத்தான் இது?"

"கோபத்தை அடக்க" என்று டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

வகுப்பு சிரித்தது. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அப்போ இதைப் படிக்கிறதுக்குள்ள வர்ற கோபத்துக்கு என்ன பண்றது என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, இன்னும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மணி அடித்ததும் புதுப் பெண் வந்து, தயங்கித் தயங்கி, அலமாரிச் சாவி வேண்டும் என்றாள். டீச்சர் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றப் பார்த்தாள். வளையம் விட்டுக்கொடுக்கவில்லை. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக் கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லாமல் வீடுவரை நடந்தே வந்தாள். வழியெல்லாம் ஒடிந்த நகம் சேலையில் சிக்கிக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் அவள் மேசை குப்புறக் கிடந்தது. வினாத்தாள் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் அதில்தான். நாலு காலில் மூன்றைச் சார் கழற்றியிருந்தார். நாலாவதோடு திருப்புளியை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் கழட்டறீங்க?"

"லாரில இடம் போதாது. கீழ்வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்திடலாம்னு பார்த்தேன்" என்றார் சார் தலை நிமிராமல். "அங்க உனக்கு இது எதுக்கு?"

டீச்சர் ஆரம்பித்தாள். அதே வெனீர். வேன்ஸ், வேன்ஸ், வேன். நாலாவதுக்கு வந்தாள். நாங்கள் வர வேண்டும். யார் நாங்கள்? எந்த நாங்கள்? கையிலிருந்த பை கீழே விழுந்து, சாவிக்கொத்து சலங் என்று தரையில் தெறித்தது. அவளுக்கு மேலே சொல்ல வரவில்லை. மறக்கவில்லை, நாக்கு நுனியில்தான் இருந்தது. வேண்டாம் என்று தோன்றியது.

"நான் வரலை" என்றாள்.

சார் திருப்புளியோடு நிமிர்ந்தார்.

"நான் வரலைங்க. எனக்கு அந்த ஊரும் வேண்டாம், பால்கனியும் வேண்டாம். என் வகுப்பைப் பிடுங்கி யாருக்கோ கொடுத்தாச்சு. இப்ப என் மேசைக்காலைப் பிடுங்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே" என்றார் சார். அவர் குரலும் ஏறியிருந்தது. "சாப்பிடும்போது கேட்டேன். உன் உதடு அசைஞ்சதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வெனீர் சொன்னே. ஆறாவது வரைக்கும் காத்திருந்தேன். முடிச்சிட்டுத் தண்ணி குடிச்சே. சாதம் வேணுமான்னு கேட்டே. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"வெனீர் சொன்னது தெரியும்ல? அப்ப நான் கோபமா இருக்கேன்னு தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் காத்திருந்தேன். நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு காத்திருந்தேன்." சார் மேசையின் வயிற்றில் கையை ஊன்றினார். "நீ சொல்லியிருந்தா மறுநாள் போய், வீட்டில ஒத்துக்கலைன்னு நிர்வாகிகிட்ட சொல்லியிருப்பேன்."

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தாள். "உங்களுக்கும் போக இஷ்டமில்லையா?"

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்குத் தலைமை? சாக்பீஸ் இல்லாம என் கை என்ன பண்ணும்?"

"அப்ப அவர் கேட்டப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

சார் திருப்புளியை உருட்டினார். அந்த நிர்வாகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டின கதவையும் பேசியே திறக்கிற ஆள். எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிற இடைவெளியில் நன்றி சொல்லிக் கைகுலுக்கி முடித்துவிடுவார்.

"அவர் கேட்டதும் எனக்குச் சுர்ருன்னு வந்திச்சு" என்றார் சார் மெதுவாக. "ஆரம்பிச்சிட்டேன். நாலாவதுல இருக்கும்போது அவர் எழுந்து கையைக் குலுக்கிட்டார்."

"எந்த வினை?"

"எத்ர்."

"ஃப்யூஸ்" என்றாள் டீச்சர்.

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒரு மாதமாக இரண்டு பேரும் வேண்டாத ஊருக்காகப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்வார் என்று மற்றவர் காத்திருந்து, பசியோடு பந்தியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போதும் உனக்குப் போடு என்று இரண்டு பேரும் எழுந்துவந்த கதை. அவள் கத்தினாள். பெரிய மனிதர் இவர், வீட்டில ஒத்துக்கலைன்னு சொல்ல நான் வேணும், என் தலையில வச்சு முடியாதுன்னு சொல்லணும், இவர் நல்ல பேரோட இருக்கணும் என்றாள். சாரும் விடவில்லை. நீ மட்டும் என்ன, எதைக் கேட்டாலும் இருக்கட்டும் இருக்கட்டும்னு விழுங்கிட்டு அப்புறம் பத்து நாள் பாத்திரத்தை நங்குநங்குன்னு வைக்கிறவ என்றார். மாமியார் வந்து போன மாதம் வந்தது. கரண்டியும் வந்தது. யார் கையிலிருந்து என்பதும் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக் கணக்கில்லாத பாக்கி முழுதும் கூடத்தில் கொட்டியது.

உள்ளறைக் கதவு திறந்தது. மகள் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு வெளுத்த முகத்தோடு நின்றாள். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. சண்டை போடறோம்" என்றார் சார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"தமிழ்லயா?" என்றாள்.

அப்போதுதான் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கவிழ்ந்து கிடந்த மேசையின் விளிம்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் நிர்வாகி அறைக்குப் போனார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார், டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள். கிளைக்குப் போகவில்லை என்று சார் சொன்னார். நிர்வாகி முகம் மாறவில்லை. சிரித்தபடியே, கடைசி நேரப் பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான், ஊர் பழகிவிடும், உங்களை நம்பி எவ்வளவோ செய்தாகிவிட்டது என்று மழையாகப் பொழிந்தார். டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தாள். சாரின் கீழுதடு லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. செருப்புக் காலால் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"முடியாது சார்" என்றார் சார், வலியில் கொஞ்சம் அதிகச் சத்தமாக. "அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை, அது என் தப்பு. ஆனா போகலை."

நிர்வாகி முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். கிளைக்கு வேறு ஆள் பார்க்கலாம். ஆனால் புதுப் பெண்ணுக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, சாரின் வகுப்புகளையும் பங்கிட்டுக் கொடுத்தாகிவிட்டது. இனி இங்கே ஒருவருக்கு வேண்டுமானால் இடம் பண்ணலாம், இருவருக்கு முடியாது.

"அப்ப டீச்சருக்குக் கொடுங்க" என்றார் சார் உடனே. "மாலை வகுப்பு அவங்களோடது. நான் வீட்டில நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பொழைச்சுக்கிறேன்."

டீச்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ந்த அதே நேரத்தில் கோபமும் வந்தது. வந்த கோபத்தை எங்கேயும் கொண்டுபோய் வைக்கவில்லை.

"மறுபடியும் என்னைக் கேக்காம முடிவு பண்றீங்க" என்றாள், நிர்வாகி அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பார்க்காமல். "நீங்க வீட்டில உக்காந்திருந்தா நான் எப்படி இங்க நிம்மதியா நிப்பேன்? ஆளுக்குப் பாதி. வேலையும் பாதி, சம்பளமும் பாதி. அந்தப் பொண்ணு காலை வகுப்பை எடுத்துக்கட்டும். சாயங்கால வகுப்பு என்னோடது. அதை நான் கொடுக்கமாட்டேன்."

நிர்வாகி பேனாவை மூடினார், திறந்தார். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் போதாது, சாயங்காலம் வகுப்பு இருக்கிறது, இப்போதே சொல்லுங்கள் என்றாள் டீச்சர். பூட்டின கதவையும் பேசித் திறக்கிற மனிதருக்கு வாயைத் திறக்க அன்று கொஞ்ச நேரம் ஆயிற்று. சரி என்றார். வெளியே வந்ததும் டீச்சர் பையைத் திறந்து சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

லாரிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார்கள், அவர் கொடுத்த வசவையும் வாங்கிக்கொண்டார்கள். பாதிச் சம்பளத்தில் எதை எதை விடுவது என்று வீடுவரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். படியேறும்போது கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மேசை எப்போது வரும் என்று கேட்டார். வராது என்றாள் டீச்சர். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கு என்ன செய்ய முடியும்?

சார் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் திருகி மாட்டினார். மகள் ஒரு பக்கம் பிடிக்க மேசையை நிமிர்த்தி, ஜன்னலோரம் பழைய இடத்தில் வைத்தார்கள். டீச்சர் அதன் முன்னால் உட்கார்ந்து முழங்கையை ஊன்றினாள். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"சரியா இருக்கா?" என்றார் சார், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

இருக்கட்டும் என்ற வார்த்தை இத்தனை வருஷப் பழக்கத்தில் வாசல்வரைக்கும் வந்து நின்றது. டீச்சர் அதை உள்ளே போகச் சொன்னாள்.

"இல்லை" என்றாள்.

சார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். உதடு அசையவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலிக்குது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, மறுபடியும் மேசைக்கு அடியில் நுழைந்தார்.